நான் தொட்டால் தூங்கிவிடும் லேப்டாப்

போன வருஷம் தீபாவளிக் கடைகளை எல்லாம் பிரித்து முடித்து, மலேசியாவில் எங்கள் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மறுபடியும் கை வீசி நடக்க இடம் கிடைத்த நேரம். என் நாத்தனார் மகளுக்கு இருபத்தொன்றாவது பிறந்தநாள் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் ஊரில் இருபத்தொன்று என்றால் பாதிக் கல்யாணம். மண்டபம் எடுக்க வேண்டும், இனி பெரிய ஆள் என்பதற்கு அடையாளமாக மேடையில் ஆள் உயரத்துக்குத் தங்கக் கலரில் அட்டைச் சாவி வைக்க வேண்டும், அடுக்கு கேக் வேண்டும், பஃபே சாப்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வீடியோ வேண்டும். பிள்ளை பிறந்ததிலிருந்து இன்று வரை எடுத்த படங்களைக் கோத்து, பாட்டுப் போட்டு, பெரிய திரையில் ஓட விடுவார்கள். அது ஓடும்போது நாலு பேராவது கண்ணைத் துடைக்கவில்லை என்றால் விருந்து சுமார்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த வீடியோவை நான் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். கோயில் திருவிழாவுக்கு அப்படி இரண்டொன்று செய்த பழக்கம் உண்டு. ஆனால் உண்மையான காரணம் வேறு. எனக்கும் என் நாத்தனாருக்கும் ரொம்ப நாளாகவே முகம் கொடுத்துப் பேச்சில்லை. நாங்கள் புதுவீடு போனபோது அவளுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பினோம், நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கவில்லை என்பது அவள் கட்சி. நேரில் போனோம், வீடு பூட்டிக் கிடந்தது, அதற்கப்புறம்தான் வாட்ஸ்அப் என்பது என் கட்சி. எது சரி என்று இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. நடுவில் மாட்டிய என் வீட்டுக்காரர் தங்கச்சி பேசும்போதும் தலையாட்டுவார், நான் பேசும்போதும் தலையாட்டுவார்.

பந்திங் ஊரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அவளாகவே என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். புருஷன் இறந்துபோன பிறகு, மூலிகைத் தேத்தண்ணீர், எண்ணெய், மாத்திரை என்று வீடு வீடாக விற்றுத்தான் ஒற்றைப் பிள்ளையைப் படிக்க வைத்தவள். கைப்பையைத் திறந்து வெள்ளிக் கலரில் ஒரு காப்பை எடுத்தாள். உள்ளே காந்தம் இருக்கிறதாம், ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். அவள் இரண்டு கையிலும் ஒவ்வொன்று போட்டிருந்தாள். என் இடது கையைப் பிடித்து மாட்டிவிட்டு, "கழட்டாதீங்க அண்ணி. கழட்டினா எஃபெக்ட் போயிடும்" என்றாள். எஃபெக்ட் போகிறதோ இல்லையோ, கழட்டினால் உறவு போய்விடும் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. குளிக்கும்போதுகூட நான் அதைக் கழட்டவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் வீடியோவுக்கு வாயைக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். துணிப்பை, அதற்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் டிஸ்க். அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்த வருஷம் ஆல்பம், பழைய போன், கல்யாண கேசட் எல்லாம் தண்ணீரோடு போயிற்று. அன்றைக்கு அவள் கைப்பையில் இருந்ததால் தப்பியது இந்த டிஸ்க் மட்டும்தான். வேறு காப்பி கிடையாது. "இதுல என் உசுரே இருக்கு அண்ணி" என்று சொல்லி என் கையில் வைத்தாள். 

நான் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லாம் மேசைக் கம்ப்யூட்டர்தான். வீட்டுக்கென்று லேப்டாப் வாங்கியதே அந்தச் சமயத்தில்தான். சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, டிஸ்க்கைச் செருகி, படங்களைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை கறுத்துப் போனது. பட்டனை அமுக்கினேன், எழுந்தது. எழுந்த கையோடு, டிரைவில் ஏதோ கோளாறு, ஸ்கேன் செய்து சரி பண்ணு என்று ஒரு செய்தி. சரி என்று அமுக்கினேன். ஸ்கேன் பாதி போயிருக்கும், மறுபடியும் கறுப்பு. எழுப்பினால் மறுபடியும் அதே செய்தி. கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி, நான் உட்கார்ந்தால் தூக்கம், எழுப்பினால் அழுகை.

என் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பார்த்தேன். டிஸ்க்கைச் செருகி வைத்துக்கொண்டே ஒரு முழுப் பந்தாட்டத்தைப் பார்த்து முடித்தார். லேப்டாப் கண் கொட்டாமல் அவருடன் சேர்ந்து பார்த்தது. நான் போய் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது. "உன் மூஞ்சியைப் பார்த்தாலே அதுக்குத் தூக்கம் வருது போல" என்றார். நான் பார்த்த பார்வையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே போய்விட்டார்.

என்னால் முடிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். கேபிளை மாற்றினேன். செருகும் இடத்தை மாற்றினேன். செட்டிங்ஸுக்குள் போய், எத்தனை நேரம் சும்மா கிடந்தாலும் தூங்கக் கூடாது என்று போட்டேன். டிஸ்க்குக்குப் போகும் கரண்டை நிறுத்தாதே என்றும் போட்டேன். சூடாகிறதோ என்று அடியில் குட்டி ஃபேன் வைத்தேன். மேசையிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து ஹாலுக்கு இடம் மாற்றினேன். கடைசியில் மூடி மேல் திருநீறு பூசி ஒரு கும்பிடும் போட்டேன். திருநீற்றையும் வாங்கிக்கொண்டு தூங்கியது.

ஒரு சனிக்கிழமை கொம்யூட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் போய், கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். பூக்கடைக்கு மேல் மாடியில் ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. கடைக்காரர் சீனர், அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். ரயிலில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஹார்ட் டிஸ்க்கை அலமாரியில் புடவைக்கு அடியில் பூட்டிவிட்டு, லேப்டாப்பை மட்டும் கொண்டு போயிருந்தேன். காய்ச்சல்காரனை வீட்டில் படுக்க வைத்துவிட்டு அவன் சட்டையை டாக்டரிடம் காட்டப் போன கதை. அவர் சிரிக்காமல் தன்னுடைய டிஸ்க் ஒன்றைச் செருகி வேலை பார்த்தார். நான் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, பக்கத்துப் புடவைக் கடையைச் சுற்றி முடித்து மேலே ஏறினேன். ஒருமுறைகூடத் தூங்கவில்லையாம்.

"அக்கா, லேப்டாப் நல்லா இருக்கு லா. உங்க வீட்டு கரண்ட்தான் சரியில்ல" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்ன உறுதியில் நானும் நம்பிவிட்டேன். வீட்டுக்கு ஆள் கூப்பிட்டு வயரிங் பார்க்கச் சொன்னேன். வந்தவர் எல்லா சுவிட்சையும் போட்டு அணைத்துப் பார்த்து, கரண்ட் தங்கம் மாதிரி வருது அக்கா என்று சொல்லி, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்து ஒரு படத்தைத் திறப்பதற்குள் படுத்துவிட்டது.

இந்த முறை எழுப்பியபோது ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை. கெட்டுப் போயிருக்கிறது, படிக்க முடியாது என்றது. அதன் பெயர் ‘அப்பாவும் பாப்பாவும்’. என் நாத்தனார் புருஷனும் அந்தப் பிள்ளையும் சேர்ந்து இருக்கிற படம் எல்லாம் அதற்குள்தான். மோரிப் கடற்கரையில் அவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்குகிற வீடியோவும் அதற்குள்தான். அவர் குரல் மிச்சம் இருப்பது உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான்.  டிஸ்க்கைப் பிடுங்கினேன், செருகினேன், மறுபடி பிடுங்கினேன். திறக்கவே இல்லை.

அதற்கப்புறம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவளோ தினமும் போன் போட்டு, "எது வரைக்கும் வந்திருக்கு அண்ணி?" என்று ஆசையாகக் கேட்பாள். நல்லா வருதும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அழைப்பிதழுக்கே அத்தனை வருஷம் என்றால் இதற்கு எத்தனை ஜென்மம் பேசமாட்டாளோ என்று நினைத்துக்கொள்வேன். பேசாமல் போனால்கூடப் பரவாயில்லை. பிள்ளைக்கு அப்பா குரலைத் தொலைத்துவிட்டு நான் எப்படி அந்த மண்டபத்தில் போய் நிற்பது என்பதுதான் பெரிய பயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள், கையில் உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப், சுடச்சுட. கொஞ்சம் பார்க்கலாமா அண்ணி என்று கேட்கும்போது எப்படி இல்லை என்பது. நல்லவேளை, பள்ளிக்கூடப் படங்கள் வரைக்கும் செய்து லேப்டாப்பிலேயே வைத்திருந்தேன். அதை ஓட விட்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நான் பின்னால் நின்றுகொண்டேன். மகள் முதல் வகுப்பு சீருடையில் வந்ததும் அவள் அப்படியே முன்னால் சாய்ந்து இரண்டு கையையும் கீபோர்டு ஓரத்தில் ஊன்றினாள். திரை கறுத்தது. துள்ளி எழுந்துவிட்டாள். "நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி" என்று முகம் வெளுத்துச் சொன்னாள்.

எனக்கு மட்டும் நடக்கிற கொடுமை முதல்முறையாக இன்னொருவருக்கும் நடக்கிறது. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம் யோசனை ஓடியது. என் வீட்டுக்காரரிடம் லேப்டாப் தூங்கவில்லை, பிரிக்பீல்ட்ஸ்காரரிடம் தூங்கவில்லை, என்னிடமும் இவளிடமும் மட்டும் ஏன்? எங்கள் இருவருக்கும் என்ன ஒற்றுமை? இத்தனை வருஷமாக எனக்கும் அவளுக்கும் எதிலெல்லாம் ஒத்துப்போகாது என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தவள் நான். குனிந்து பார்த்தேன். அவள் கையில் காப்பு. என் கையில் காப்பு.

காப்பைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. பேட்டரி சரியில்லம்மா என்று எதையோ உளறி, கறிபாப்பைச் சாப்பிட வைத்து அனுப்பினேன். கார் தெருமுனை திரும்பியதும் சமையலறைக்கு ஓடி, காப்பைக் கழட்டினேன். எங்கே வைப்பது என்று யோசிப்பதற்குள் அது டக்கென்று ஃபிரிட்ஜ் கதவில் போய் ஒட்டிக்கொண்டது. கரண்ட் பில்லையும் அதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். டிஸ்க்கைச் செருகினேன். அதே செய்தி வந்தது. ஸ்கேன் என்று அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுகூட மெதுவாக விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. ஒருமுறைகூடக் கறுக்காமல் முழுசாக முடிந்தது.

விஷயம் இவ்வளவுதான். லேப்டாப்பின் மூடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறதாம். மூடினால் அந்தக் காந்தம் கீழே ஒரு இடத்துக்கு நேராக வரும், உடனே அது, சரி, மூடிவிட்டார்கள் என்று தூங்கப் போய்விடும். நான் இடது கையை ஊன்றுகிற இடமும் அந்த இடமும் ஒன்று. தூங்கும்போது டிஸ்க்குக்குப் போகிற கரண்டும் நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்ட டிஸ்க், எழுந்ததும் கோளாறு என்று கத்தாமல் என்ன செய்யும். அதைச் சரி பண்ண நான் போட்ட ஸ்கேனையும் நானே கையை வைத்துத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். இதை எல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரிக்பீல்ட்ஸ்காரருக்கும் மெசேஜ் அனுப்பினேன். இனிமேல் முதலில் கஸ்டமர் கையைத்தான் பார்ப்பேன் அக்கா என்று பதில் போட்டார்.

அந்த ஃபோல்டரைத் திறந்தேன். திறந்தது. மோரிப் கடல் வந்தது. அவர் முழங்கால் தண்ணீரில் நின்று, தோளில் பிள்ளையோடு, படம் எடுக்கிற பெண்டாட்டியைப் பார்த்து, "ஏய், பாத்து, போன் நனையப் போவுது" என்று சத்தம் போட்டார். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் பதறி உள்ளே வந்தார். அந்த வீடியோவை லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வீட்டுக்காரர் போனில் ஒன்று, என் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று காப்பி போட்டுத்தான் ஓய்ந்தேன்.

அதிலிருந்து வேலைக்கு உட்காரும்போது காப்பு ஃபிரிட்ஜில் இருக்கும், முடித்ததும் கையில் ஏறிவிடும். அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று இருந்தேன். விருந்துக்கு முதல் நாள் எனக்கு எடுத்த புடவையைக் கொண்டுவந்தாள். நான் லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் புடவையைப் பிரித்துப் பார்த்த மயக்கத்தில், அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனதைக் கவனிக்கவில்லை. போனவள் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு நேராக, கரண்ட் பில்லுக்கு மேல், அவள் போட்டுவிட்ட காப்பு.

"கழட்டிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும், வாட்ஸ்அப் அழைப்பிதழ் குரல். என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகத் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார். மீன் கழுவினேன், அதனால்தான் கழட்டினேன் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் அப்படிப் பூசி மெழுகியதில்தானே அத்தனை வருஷம் போனது என்று எனக்கே வெறுத்துவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் லேப்டாப் முன்னால் நிறுத்தினேன். டிஸ்க்கை முதலில் கழட்டினேன். அவள் இடது கையைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். கறுப்பு. கையை எடுத்து, பட்டனை அமுக்கினேன். வெளிச்சம். மறுபடி வைத்தேன். கறுப்பு. அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன், கெட்டுப்போன ஃபோல்டர், நல்லா வருதும்மா என்று சொன்ன பொய், மோரிப் வீடியோ, நான் பட்ட பயம், எல்லாம்.

 காப்பைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நான் டிஷ்யூவை எடுத்து வைத்துக்கொண்டேன். "அப்போ, உள்ள காந்தம் நெசமாவே இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள். சொந்தக்காரர்கள் எல்லாம் தகரக் காப்பு என்று கிண்டல் பண்ணுவார்களாம். பெற்ற மகளே அம்மா டூப்பு விக்கிறாங்க என்று சிரிப்பாளாம். ஒரு கட்டத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம், வெளியே சொல்ல முடியாமல் விற்றுக்கொண்டிருந்தாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுப்புடவை நடுவில் கசங்கிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் திகிலோடு பார்த்தார்.

விருந்தில் வீடியோ ஓடியது. லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே வர மாட்டேன் என்று நாத்தனார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். மோரிப் கடல் வந்து, போன் நனையப் போவுது என்று அந்தக் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டபோது, மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்த மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நாலு பேர் இல்லை, மண்டபமே மூக்கை உறிஞ்சியது. என் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் மட்டும் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார்.

கேக் வெட்டி முடிந்ததும், அண்ணி லேப்டாப்பைக் கொஞ்சம் குடுங்க என்று நாத்தனார் வாங்கிக்கொண்டு போனாள். பார்த்தால், பஃபே மேசைக்குப் பக்கத்தில் கூட்டம். நடுவில் உட்கார்ந்து கையை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். "பாருங்க ஆன்டி, லேப்டாப்பையே படுக்க வைக்குது. உங்க முட்டி வலி எம்மாத்திரம்?" இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தகரம் என்று சொன்னவர்கள்தான் முதலில் கையை நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் கையிலும் இப்போது ஒன்று இருக்கிறது, அதனால் லேப்டாப் பக்கம் அவரையும் விடுவதில்லை.

என் காப்பு ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும் அண்ணி, எஃபெக்ட் எங்கேயும் போகாது என்று அவளே சொல்லிவிட்டாள். எங்களுக்குள் இப்போதும் மனஸ்தாபம் வராமல் இல்லை. ஆனால் பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போகும்போது அது கண்ணில் படும், நான் பாலை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்து, என்னம்மா கோபம் என்று அவளிடமே நேராகக் கேட்டுவிடுவேன்.